பற்றுறவு உளவியலும் இலக்கிய மாந்தரும்: நோராவின் தாதியை முன்வைத்துச் சில குறிப்புகள்

வளர்ந்தோர் பிறருடன் கொள்ளும் உறவுகளின் தன்மையை அவர்தம் குழந்தைப் பருவ அனுபவங்களைக் கொண்டு விளக்க முனைவது பற்றுறவுக் கோட்பாடு. பிரித்தானிய உளமருத்துவரான ஜோன் போல்பி 1969 முதல் 1980 வரை வெளியிட்ட மூன்று தொகுதிகளில் இதனை வகுத்தளித்தார். மேரி எயின்ஸ்வர்த் உகண்டாவிலும் பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரிலும் தாய் சேய் உறவை அவதானித்து இதற்கு அனுபவ ஆதாரம் தேடினார். 1987இல் ஹஸானும் ஷேவரும் இதனைக் காதலுறவுக்கு விரித்தனர். நம்பிக்கையோடு நெருங்குவோர், கைவிடப்படுவோமோ எனப் பதகளிப்போர், நெருக்கத்தைத் தவிர்த்து விலகுவோர் என மூவகையினரை அவர்கள் வேறுபடுத்தினர்.

இக்கோட்பாட்டை ஒரேயடியாக நிராகரித்தல் பொருந்தாது. மனிதன் தனித்துப் பிறந்து தனித்தே உருவாகுபவன் அல்லன், உறவுகளிலேயே உருவாகின்றான் என்னும் உண்மையை அது வலியுறுத்துகின்றது. ஆயின், அவ்வுறவுகள் எத்தகைய சமூக அமைப்பினுள் நிகழ்கின்றன என்ற வினாவை எழுப்பாது இலக்கிய மாந்தர்க்கு இவ்வகைப்பாட்டைப் பொருத்தும்போதே இடர்ப்பாடு தோன்றுகின்றது.

இப்சனின் ‘பொம்மை வீடு’ (1879) நாடகத்தை நோக்குவோம். கணவனின் உயிரைக் காக்கத் தந்தையின் கையொப்பத்தைப் பொய்யாக இட்டுக் கடன் பெறுகின்றாள் நோரா. அவ்விரகசியம் வெளிப்பட்டுவிடுமோ என அஞ்சி வாழ்கின்றாள். ஈற்றில் கணவனையும் மூன்று குழந்தைகளையும் விட்டு வெளியேறுகின்றாள். மேற்கூறிய வகைப்பாட்டின்படி, தாயை இழந்து வளர்ந்த இவளைப் பதகளிப்பவள் என்றோ விலகுபவள் என்றோ கூறிவிடுதல் எளிது. ஆனால், கணவனின் சம்மதமின்றி மனைவி கடன் பெறவியலாது என்பதை நாடகமே சுட்டுகின்றது. நோர்வேயில் மணமான பெண்ணுக்குச் சட்டபூர்வமான தன்னுரிமை 1888இலேயே கிடைத்தது. நோராவின் அச்சம் தொட்டிலிலே தோன்றியதன்று. சட்டமும் சொத்துறவும் தோற்றுவித்தது.

இதனினும் முக்கியமானவள், விமர்சகர் பலர் பொருட்படுத்தாத அந்த வீட்டுத் தாதி. நோராவை வளர்த்த இவ்வேழைப் பெண், அவ்வேலையைப் பெறுவதற்காகத் தன் சொந்த மகளை அந்நியரிடம் ஒப்படைத்தவள். மகளிடமிருந்து அவளுக்கு வந்தவை இரண்டே கடிதங்கள். நோரா பெற்ற பாதுகாப்பு, வேறொரு குழந்தை இழந்த பாதுகாப்பாகும். ஒரு வர்க்கத்தின் பற்றுறவு மற்றொரு வர்க்கத்தின் பிரிவைக் கூலிகொடுத்து வாங்கிய உறவென்பதைச் சில வரி உரையாடலிலே இப்சன் உணர்த்திவிடுகின்றார். போல்பியும் தாதியின் பராமரிப்பில் வளர்ந்தவரே என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

குழந்தைக்கு மாறாத அரவணைப்பு வேண்டுமென உளவியல் கூறுவது சரியே. அவ்வரவணைப்பை வழங்கும் ஓய்வும் ஊதியமும் உரிமையும் யாருக்கு வாய்த்துள்ளன என்று வினவுவது நமது கடமை. அவ்வினாவைத் தவிர்க்கும் விமர்சனம், சமூகம் இழைத்த காயத்தைத் தனிமனிதனின் குணக்குறையாகவே பதிவுசெய்யும். நோரா ஏன் வெளியேறினாள் என்று ஆராயும் நாம், தாதியால் ஏன் வெளியேற முடியவில்லை என்பதையும் ஆராய்தல் வேண்டும்.