திசைக்கட்டையும் இரு பொத்தான்களும்

1986-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் நாம்கோ நிறுவனம் வெளியிட்டு, பின்னர் டெங்கன் நிறுவனத்தின் வாயிலாக ‘ஆர்.பி.ஐ. பேஸ்பால்’ என்னும் நாமத்தோடு அமெரிக்க இல்லங்களை எட்டிய வீடியோ விளையாட்டில், திசைக்கட்டை ஒன்றும் பொத்தான்கள் இரண்டுமே சாதனங்கள் எனினும், அவற்றால் ஒருவர் அடையக்கூடிய நிபுணத்துவம் சாமானியமானதன்று.

கொழுக்கட்டை போல் உருண்டு நிற்கும் ஆட்டக்காரர்களைக் கண்டு, இது குழந்தைகளின் பொழுதுபோக்கு என்றெண்ணி மட்டையைச் சுழற்றுகிறவர், முதல் நாள் காற்றைத்தான் அடிப்பார். ஏனெனில் இங்கே பந்து கையை விட்டுப் புறப்பட்ட பின்பும் எறிந்தவருக்கே கட்டுப்பட்டிருந்து, அவர் விரல் அழுத்தும் பக்கமெல்லாம் நடுவழியில் வளைந்து செல்கிறது. அந்த வளைவு தொடங்கும் க்ஷணம் வரை பொத்தானைத் தொடாமல் பொறுத்திருப்பதே முதற்பாடம். எறிபவர் களைத்து, வேகம் தளர்வதை உணர்வது அடுத்தது.

ஆனால் என் மனத்தை முழுதும் கவர்ந்தது பந்தைப் பிடித்தபின் நிகழ்வது. அதைத் தளங்களுக்கு எறிகையில் வலப்புறம் அழுத்தினால் முதல் தளம், மேலே இரண்டாவது, இடப்புறம் மூன்றாவது, கீழே மட்டையாளர் நிற்கும் மூலத்தளம் என, கட்டைவிரலின் கீழுள்ள சிறு சிலுவையே மைதானத்தின் பிரதியாகிவிடுகிறது! சில வாரப் பயிற்சியில் கண் திரையிலிருந்து விலகாமலே விரல் தளத்தைக் கண்டுகொள்ளும்.

பழைய கருவி எங்கேனும் கிடைத்தால், நண்பர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு ஆடிப் பாருங்கள்.