அஸன்பே ஏன் இலங்கைக்கு வரவில்லை?

அறிஞர் சித்திலெப்பையின் பெயரில் எங்கே கூட்டம் நடந்தாலும் ஒரு வசனம் தப்பாமல் வரும்: இலங்கையின் முதலாவது தமிழ் நாவலை எழுதியவர் ஒரு முஸ்லிம். சபை கைதட்டும். அதோடு நாவலின் பேச்சு முடிந்துவிடும். கூட்டம் கலைந்து தேநீர் குடிக்கும்போது, கொஞ்சம் வாசித்தவர் ஒருவர் இருந்தால், 'அதில எங்கட நாடே இல்லையே, வெள்ளைக்காரனுக்கு நல்ல சேர்டிபிகேட்டெல்லோ குடுத்திருக்கார்' என்று மெல்லச் சொல்லுவார். மேடையில் பெருமை, தேநீர்க் கோப்பையோடு முணுமுணுப்பு. இரண்டுக்கும் நாவலை முழுசாக வாசிக்க வேண்டிய தேவை இல்லை.

நானும் முணுமுணுத்தவன்தான். என் அபிப்பிராயம் மாறியது நாவலைத் திரும்ப வாசித்ததால் மட்டுமல்ல. பிலிப்பைன்ஸ் நாட்டு எழுத்துகளைத் தேடி வாசித்தபோது, ஆட்சியாளனின் நிழலில் இருந்துகொண்டு எழுதுகிறவன் எதைச் சொல்லுவான், எதை எங்கே ஒளிப்பான் என்ற கேள்வி பிடித்துக்கொண்டது. அந்தக் கேள்வியோடு வந்து பார்த்தால் அஸன்பே வேறு ஆளாகத் தெரிகிறான்.

முதலில் நாவல். 'அஸன்பேயுடைய கதை' 1885ல் வெளிவந்தது. தமிழில் அதற்கு முன்னர் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) ஒன்றுதான் இருந்தது. மிஸ்றிலே, காயிர் நகரத்தில், பெரிய குடும்பமொன்றில் பிறந்த குழந்தை கடத்தப்பட்டுப் பம்பாய்க்கு வருகிறது. அங்கே வளர்ந்து, கல்கத்தாவுக்குப் போய், ஆங்கிலேயக் கனவான்களின் ஆதரவைப் பெற்று, நேர்மையாலும் படிப்பாலும் உயர்ந்து, கடைசியில் பிறந்த மண்ணுக்கும் பெற்றாரிடமும் போய்ச் சேருகிறது. தற்செயல்கள் கூடிய கதை. கெட்டவன் முழுக்கக் கெட்டவன், நல்லவன் முழுக்க நல்லவன். நாவல் என்ற வடிவம் தமிழில் தவழத் தொடங்கிய காலத்தில் இதைப் பெரிய குற்றமாக எடுக்க முடியாது. அறபுச் சொற்கள் கலந்த அதன் வசனநடை இன்றைய வாசகனை இடைக்கிடை தடுக்கும். எங்கட வீடுகளில் பேசுகிற தமிழைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அவ்வளவு தடுக்காது.

இப்போது ஆண்டுகளைப் பாருங்கள். 1882 செப்டெம்பரில் தெல் அல் கபீர் யுத்தத்தில் ஒறாபி பாஷாவின் படை தோற்றது. மிஸ்று பிரித்தானியரின் கைக்குள் போனது. அந்த டிசம்பரிலேயே சித்திலெப்பை கண்டியில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1883 ஜனவரியில் ஒறாபி பாஷாவும் அவருடைய தோழர்களும் நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வந்து இறங்கினார்கள். அவர் 1901 வரை இந்த நாட்டில் இருந்தார். சித்திலெப்பை அவருக்கு நெருங்கியவரானார். 1892ல் மருதானையில் மத்ரஸதுஸ் ஸாஹிராவைத் தொடங்கியபோது இருவரும் ஒன்றாக நின்றார்கள்.

ஆக, மிஸ்றை ஆங்கிலேயன் பிடித்து மூன்று வருடம் ஆகாத நேரம். தோற்ற தளபதி கண்ணெதிரே விருந்தாளியாகவும் கைதியாகவும் நடமாடுகிறார். அப்போது ஒரு புறக்டர், கண்டியில் நீதவானாகவும் இருந்தவர், ஆங்கிலச் சட்டத்தால் சீவித்தவர், கதை எழுதக் குந்துகிறார். மிஸ்றில் பிறந்து தொலைந்துபோன பிள்ளை ஒன்று மிஸ்றுக்கே திரும்பிப் போகிறதாக எழுதுகிறார். அஸன் போய்ச் சேருகிற இடம் இலண்டன் அல்ல. அவன் பெயரோடு ஒட்டிக்கொள்கிற 'பே' துருக்கியருடையதும் மிஸ்றுக்காரருடையதுமான பட்டம்; மகாராணி கொடுக்கிற 'சேர்' அல்ல. இதை ஆங்கில ஆட்சிக்கு எதிரான நாவல் என்று சொல்ல நான் வரவில்லை. அது பொய்யாகிவிடும். ஆங்கிலேயரின் நீதி, கல்வி, ஒழுங்கு ஆகியவற்றில் சித்திலெப்பைக்கு உண்மையான மதிப்பு இருந்தது. நாவலில் வருகிற நல்ல துரைமார் வெறும் தந்திரத்துக்காக வைக்கப்பட்டவர்கள் அல்ல. ஆனால் அந்த மதிப்புக்குள்ளே ஒரு வலி இருக்கிறது. திண்ணை முணுமுணுப்புக்கு அது பிடிபடவில்லை.

பிலிப்பைன்ஸில் இதே காலத்தில் என்ன நடந்தது? ஹோசே றிசால் என்ற இளைஞன் 1882 மே மாதத்தில் ஸ்பெயினுக்குப் படிக்கப் போகிற வழியில் காலியையும் கொழும்பையும் கண்டுவிட்டுப் போனான். 'முஸ்லிம் நேசன்' தொடங்க இன்னும் ஏழு மாதம் இருந்தது. 1887ல் பேர்லினில் அவனுடைய 'நோலி மே தாங்கெரே' நாவல் ஸ்பானிய மொழியில் அச்சானது. அதன் கதாநாயகன் இபார்றா ஐரோப்பாவிலிருந்து ஊருக்குத் திரும்பி ஒரு பள்ளிக்கூடம் கட்டப் பார்க்கிறான். அடிக்கல் நாட்டுகிற நாளிலேயே அவனைக் கொல்லச் சதி நடக்கிறது. பாதிரிமாரின் பகை அவனை அழித்துவிடுகிறது. பிரதிகள் களவாகத்தான் நாட்டுக்குள் போயின. 1896 டிசம்பர் 30ல் றிசாலைச் சுட்டுக் கொன்றார்கள்.

றிசால் பள்ளிக்கூடத்தை நாவலுக்குள் கட்டி, அதை இடிய விட்டான். சித்திலெப்பை நாவலுக்குள் பள்ளிக்கூடம் கட்டவில்லை. வெளியே கட்டினார், கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து. அவருக்கு ஆட்சியாளனின் அனுமதி வேண்டியிருந்தது, உதவிப் பணம் வேண்டியிருந்தது. அச்சிட்ட புத்தகங்களின் பிரதியை அரசுக்கு ஒப்படைத்துப் பதிய வேண்டும் என்ற சட்டம் இலங்கையில் வந்ததும் அந்த 1885லேயேதான். உள்ளூரில் அச்சிட்டு, உள்ளூரில் இருந்துகொண்டு, அடுத்த நாள் கச்சேரிக்கும் போக வேண்டிய மனிதன் எழுதிய நாவல் இது. பேர்லினில் அச்சான நாவலோடு இதை ஒரே தராசில் வைத்து 'துணிச்சல் போதாது' என்று புள்ளி போடுவது சரியான விமர்சனமாகாது.

மொழி விஷயத்தில்தான் ஒப்பீடு இன்னும் சுவாரசியமாகிறது. 1898ல் பிலிப்பைன்ஸ் அமெரிக்கரின் கைக்கு மாறியது. ஸ்பெயினுக்கு இரண்டு கோடி டொலர் கொடுத்து வாங்கினார்கள். 1901ல் 'தோமஸ்' என்ற கப்பலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க ஆசிரியர்கள் வந்து இறங்கினார்கள். அதே ஆண்டில் இராசத்துரோகச் சட்டமும் வந்தது. ஒரு கையில் பாடப்புத்தகம், மறுகையில் விலங்கு. 1903ல் தகாலோக் மொழியில் ஒரு நாடகம் போட்டதற்காக அவுறேலியோ தொலெந்தீனோவைச் சிறைப்பிடித்தார்கள். ஆனால் பாடப்புத்தகம் விலங்கைவிட வேகமாக வேலை செய்தது. 1925ல், அதாவது ஆசிரியர்கள் வந்து இருபத்துநாலே வருடத்தில், பாஸ் மார்க்கெஸ் பெனித்தெஸ் என்ற பெண் ஆங்கிலத்தில் எழுதிய 'செத்த நட்சத்திரங்கள்' சிறுகதை வெளிவந்தது. அது இன்றைக்கும் பேசப்படுகிற நல்ல கதை. பிறகு வந்த கார்லோஸ் புலோசான் அமெரிக்கத் தோட்டங்களில் கூலிக்காரரின் பாட்டை ஆங்கிலத்திலேயே எழுதினார். றெனாட்டோ கொன்ஸ்தந்தீனோ போன்றவர்கள் பின்னால் இதை வைத்துக் கடுமையாகக் கேட்டார்கள்: ஆட்சியாளனின் மொழியில் சிந்திக்கப் பழகியவனால் அவனை எதிர்த்துச் சிந்திக்க முடியுமா? தகாலோக்கிலும் எழுத்து நிற்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்; லோப்பே சாந்தோசின் 'பனாக் அத் சிகாத்' நாவல் 1906ல் தகாலோக்கில்தான் வந்தது. ஆனாலும் கௌரவம் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது.

எங்கட கதை தலைகீழ். ஆங்கிலப் படிப்பு மிஷன் பள்ளிக்கூடங்களின் வழியாக வந்தபடியால் எங்கட ஆக்கள் பயந்து ஒதுங்கினார்கள். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் ஆங்கிலம் படித்தார். அதே ஊரின் எத்தனை முஸ்லிம் வாப்பாமார் அந்தக் காலத்தில் பிள்ளையை அந்த வாசலுக்கு அனுப்பியிருப்பார்கள்? இந்த ஒதுங்கலைப் பின்தங்கல் என்று நாங்கள் நூறு வருடமாகப் புலம்புகிறோம். அந்தப் புலம்பலை முதலில் தொடங்கியவர்களில் ஒருவர் சித்திலெப்பை. ஆனால் ஆங்கிலம் படியுங்கள் என்று சமூகத்தை விரட்டிய அந்த மனிதர், தனக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தும், பத்திரிகையையும் நாவலையும் தமிழில் எழுதினார். வாசகன் அங்கேதான் இருந்தான் என்பது எளிய காரணம். ஓதப்பள்ளியில் குர்ஆனும் அறபுத் தமிழும் ஓதியவர்களிடம் போகத் தமிழைவிட வேறு வழி அவருக்கு இருக்கவில்லை. ஒதுங்கியதால் நாங்கள் இழந்தது உத்தியோகம். இழக்காமல் விட்டது, கதை சொல்லுகிற மொழி. இந்தக் கணக்கின் இரண்டாவது பக்கத்தை ஒருவரும் எழுதிப் பார்ப்பதில்லை.

இனி என்னுடைய சங்கடம். போர்த்துக்கேயர் இங்கே வந்தபோது எங்களை 'மூர்' என்றார்கள். ஸ்பானியர் பிலிப்பைன்ஸின் தென்தீவு முஸ்லிம்களை 'மோரோ' என்றார்கள். ஐபீரியாவில் தாங்கள் சண்டை பிடித்த முஸ்லிமின் பெயரை உலகத்தின் இரண்டு மூலைகளில் கொண்டுபோய் ஒட்டினார்கள். மின்டனாவோவிலும் சூலுவிலும் அந்தப் பெயருக்கு விலை இரத்தம். 1906ல் ஹோலோத் தீவின் புட் டாஹோ மலையில் பெண்கள், பிள்ளைகள் உட்பட நூற்றுக்கணக்கானவர்களை அமெரிக்கப் படை கொன்றது. இங்கே விலை வேறு மாதிரி. 1885ல் பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபையிலும், பிறகு 1888ல் ராயல் ஆசிய சங்கத்திலும், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதித்தார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907ல் ஆங்கிலத்தில் மறுப்பு எழுதினார். நாங்கள் யார் என்ற வழக்கு ஆங்கிலத்தில், ஆங்கிலேயர் முன்னிலையில் நடந்தது.

அஸன்பேயும் 1885. தமிழில் பேசப்படுகிற கதையின் நாயகன் அறபு மண்ணில் பிறந்தவன். வளர்ந்த நாடு அவனுக்கு இரவல், உண்மையான வீடு கடலுக்கு அப்பால். இராமநாதனுக்குப் பதிலாக இதை எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாசகன் அப்படிக் கேட்டிருக்கச் சாத்தியம் உண்டு. எங்கட அடையாளத்தைத் தேடி மிஸ்றுக்குப் போக வேண்டியிருந்த ஒரு காலத்தின் குரல் அது. தூரதேசத்தை எழுதுவது எப்போதும் ஓடி ஒளிவதல்ல; கல்முனைக்குடியிலிருந்து வந்த எம்.ஏ. நுஃமான் 1981ல் 'பலஸ்தீனக் கவிதைகள்' கொண்டுவந்தபோது நாங்கள் அதை எங்கட காலத்தின் கவிதையாகத்தான் வாசித்தோம். வித்தியாசம் என்னவென்றால், அந்த வாசகனுக்கு நின்ற இடம் தெரியும். கல்முனையில் நின்றுகொண்டு பலஸ்தீனத்தைப் பார்த்தான். அஸன்பேயின் வாசகனுக்கு நிற்க ஓர் ஊர் தரப்படவில்லை. கண்டித் தெருவோ, கொழும்புத் துறைமுகமோ, ஒரு முஸ்லிம் வீட்டு முற்றமோ அதில் இல்லை. இது ஆட்சியாளனுக்குப் பயந்த மௌனம் மட்டுமல்ல. எங்கட நாளாந்த வாழ்க்கை கதைக்குத் தகுதியான பொருள் என்ற நம்பிக்கை அவருக்கு வரவில்லை. ஒறாபி பாஷா கதைக்குரியவர், வாசலில் நெல் காயப்போடுகிற உம்மா கதைக்குரியவர் அல்ல. இந்த இடத்தில் முணுமுணுத்தவர்கள் சொன்னதில் பாதி உண்மை என்று நான் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த உம்மா அப்போதும் சும்மா இருக்கவில்லை. அதே வருடங்களில் எங்கட கரையோரத்து வட்டைகளில் கவி பாடினார்கள். வேளாண்மைக் காவலுக்குப் போன மச்சானைப் பற்றி, மாமி மகனைப் பற்றி, வாராத மழையைப் பற்றி. அதில் மிஸ்று இல்லை, துரையும் இல்லை. அச்சுக்கூடத்துக்கும் போகவில்லை. 1885ம் ஆண்டுச் சட்டப்படி பதிவுக்குப் போன புத்தகங்களில் அஸன்பேக்கு இடம் இருந்தது. அந்தக் கவிகளுக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே பாடியவர்களுக்குத் தெரியாது.