முறிவுடைய சார்புகளும் முத்துச் சலாபமும்

மன்னார்க் கரையில், அரிப்பிலே, மக்கள் அல்லிராணி கோட்டை என வழங்கும் இடிபாடு ஒன்று கடலரிப்பினாற் சிதைந்துள்ளது. அது கோட்டையன்று, முத்துச் சலாபத்தை மேற்பார்வையிடுதற்பொருட்டு ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மாளிகையாகும். அம்மாளிகை எதிர்நோக்கிய சலாபமோ ஆண்டுதோறும் வாய்த்ததில்லை. 1863இன் பின் 1874 வரை குளிப்பு நிகழவில்லை; 1891இன் பின் 1903 வரையும் அவ்வாறே. பின்னர் 1907 வரை ஐந்தாண்டுகள் இடையறாது நிகழ்ந்தது. இவ்வொழுங்கின்மையை விளக்கக் கணிதம் எத்துணை உதவும் என்பது ஆராயற்பாலது.

ஒரு சார்பை அதன் விளைவின்மீதே மீண்டும் மீண்டும் செயற்படுத்தும்போது எழும் நடத்தை பற்றி, லீ, யோர்க் ஆகிய இருவரும் 1975இல் ஒரு புகழ்பெற்ற தேற்றத்தை வெளியிட்டனர். ஆயிடையொன்றில் அமைந்த தொடர்ச்சியான சார்புக்கு ஆவர்த்தனம் மூன்றுடைய புள்ளி ஒன்று இருப்பின், எல்லா ஆவர்த்தனங்களும் உண்டு. அவற்றோடு குழப்பநிலையும் உண்டு என்பது அதன் சாரம். ஆவர்த்தனங்களின் வரிசைமுறையைச் சார்க்கோவ்ஸ்கி 1964இலேயே நிறுவியிருந்தார். 1976இல் ரொபேர்ட் மே உயிரினத்தொகைகளின் ஏற்ற இறக்கத்திற்கு இத்தகைய எளிய சார்புகளைப் பொருத்திக் காட்டினார். அதன்பின், இயற்கையில் ஒழுங்கின்மை காணப்படும் இடமெல்லாம் குழப்பநிலையே காரணம் எனக் கருதும் போக்கு வளர்ந்தது. அப்போக்கு இரு குறைகளையுடையது.

முதலாவது, "தொடர்ச்சியான" என்னும் அடைமொழி தேற்றத்தின் அணியன்று, அதன் உயிர். சலாபத்தையே எண்ணுக. பாரில் உள்ள சிப்பி போதிய அளவை எட்டினால் மட்டுமே குளிப்பு அறிவிக்கப்படும், எட்டாவிடின் இல்லை. இவ்வெல்லையில் சார்பு முறிகிறது. சிப்பியின் அளவு ஆண்டுக்கு 1/3 பங்கு வளர்கிறது என்றும், 2/3 அல்லது அதற்கு மேலிருப்பின் குளிப்பினால் 2/3 குறைகிறது என்றும் கொள்வோம். 0 முதல் 1 வரையான (1 நீங்கலாக) ஆயிடையில் எந்த அளவிலிருந்து தொடங்கினும் மூன்றாம் ஆண்டில் அதே அளவு மீளும். எல்லாப் புள்ளிகளும் ஆவர்த்தனம் மூன்றுடையவை, வேறு ஆவர்த்தனம் ஒன்றேனும் இல்லை, குழப்பமும் இல்லை. ஒரேயொரு முறிவு தேற்றத்தை முற்றாகச் செயலிழக்கச் செய்துவிடுகிறது.

வளர்ச்சியை 1/3இற்குப் பதிலாக 1/2இலும் குறைந்த ஒரு விகிதமுறா எண்ணாகவும், குறைவை 1இலிருந்து அவ்வெண்ணைக் கழித்து வருவதாகவும், எல்லையை அக்குறைவின் அளவாகவும் கொண்டால், எந்நிலையும் மீண்டும் வாராது. ஆயினும் குளிப்புகளுக்கு இடையிலான காலங்கள் ஓர் ஆண்டுக்கு மேல் தம்முள் வேறுபடா. மீளாமை வேறு, குழப்பம் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது குறை இதனினும் ஆழமானது. பதினொரு, பன்னிரண்டு ஆண்டு இடைவெளிகளும் தொடர்ச்சியான ஐந்து குளிப்புகளும் இவ்வெளிய விதிக்குள் அடங்கா. ஏனெனில், 1902இல் இப்பார்களை ஆராய வந்த ஹேட்மன் கண்டவாறு, பெரிய பாரில் இளஞ்சிப்பி மிகுதியாகப் படிந்தும் பருவக்காற்றுக் கால நீரோட்டத்தால் அழிந்துபோவதுண்டு. நடப்பாண்டின் இருப்பு அடுத்த ஆண்டின் இருப்பைத் தீர்மானிக்கவில்லையெனின், அங்கே மீளச்செயற்படுத்தற்கு ஒரு மாறியிலான சார்பே இல்லை. சார்பு தொடர்ச்சியானதா, முறிவுடையதா என வினவுமுன், சார்பு உண்டா என வினவுதல் வேண்டும்.

இது ஏட்டளவில் நிற்கும் வழக்கன்று. 1905இல் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவ்வளத்தை நம்பி 1906இல் ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 3,10,000 ரூபாவுக்கு இருபதாண்டுக் குத்தகை எடுத்தது. 1907இன் பின்னரோ பார்கள் வெறுமையாயின. சில நல்ல ஆண்டுகளை விதியெனக் கொண்டதே அதன் பிழை. எல்லா ஒழுங்கின்மைக்கும் ஒரே தேற்றத்தைச் சூட்டுவோரும் அதே பிழையையே இழைக்கின்றனர். தேற்றத்தின் முடிவை ஏற்குமுன் அதன் எடுகோள்களைச் சோதித்தலே கணித அறிவின் முதற்கடன்.