கல்லும் புற்றும்

புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ 1943இல் வெளிவந்தது. ராமாயணத்தில் பழகியவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று முன்குறிப்பிலேயே சொல்லிவிடுகிறார். வகுப்பறையில் இதை ராமனைக் கேள்வி கேட்ட கதையாகப் படிக்கிறோம். அது சரிதான், ஆனால் போதாது. ஆணின் கௌரவம் பெண்ணின் உடலைச் சாட்சிக்கு இழுப்பதுதான் கதையின் மையம்.

தொடக்கத்தில் பாதையோரம் அகலிகை கற்சிலையாக இருக்கிறாள். சற்றுத் தள்ளிப் புற்று மூடிய கௌதமர். இருவரும் தண்டனை அனுபவிப்பதுபோலத் தோன்றும். ஆனால் புற்று வெளியிலிருந்து வளர்வது. எழுந்து நின்றால் உதிர்ந்துவிடும். கல் அப்படியில்லை. சபித்தவருக்கு மண் ஒரு போர்வை. சபிக்கப்பட்டவளுக்கு உடம்பே கல். ஒரே கோபம் இருவருக்கும் இட்ட விலையின் வித்தியாசத்தை இந்த இரண்டு படிமங்களும் காட்டிவிடுகின்றன.

ராமனின் பாதத்தூசி பட்டுக் கல் பெண்ணாகிறது. மனம் அறியாமல் நேர்ந்ததற்கு அவள் பொறுப்பில்லை என்ற நியாயம் கிடைக்கிறது. விமோசனம் அதோடு முடிந்ததா? பிற பெண்கள் அவளைக் கண்டு ஒதுங்குகிறார்கள். தன் சொல்லுக்கு வேறு பொருள் வந்துவிடுமோ என்று அஞ்சி, பேசுவதையெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொள்கிறாள். கல் உடம்பை விட்டு நாக்குக்குக் குடிபெயர்ந்திருக்கிறது.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் சீதை வருகிறாள். தீக்குளித்ததைச் சொல்கிறாள். ராமன் கேட்டானா என்று அகலிகை பதறுகிறாள். தனக்கு ஒரு நீதி, சீதைக்கு வேறு நீதியா? உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்று சீதை மெல்லச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பில் கசப்பும் இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது. ராமனின் பெருமிதம் நம் கண்முன் நடப்பதில்லை. இரண்டு பெண்கள் தனியாகப் பேசிக்கொள்ளும்போது, அது விட்டுச்சென்ற சாம்பலாக மட்டுமே தெரிகிறது.

அந்த ‘உலகம்’ எங்கோ அயோத்தியில் இல்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வானகரத்துக் கல்யாண மண்டபங்களைக் கடந்து கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு அதன் முகவரி தெரியும். ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்பதுதான் அதன் பெயர். மகளின் கைப்பேசியை வாங்கிப் பார்க்கும் தகப்பனும் அவளைச் சந்தேகிப்பதாகச் சொல்வதில்லை, குடும்ப மானத்தைக் காப்பதாகத்தான் சொல்கிறார்.

முடிவில் அன்போடு அணைக்க வரும் கௌதமர் அவள் மனதுக்கு இந்திரனாகத் தெரிகிறார். அகலிகை மீண்டும் கல்லாகிறாள். இம்முறை யாரும் சபிக்கவில்லை. இதைப் பெண்ணின் வெற்றி என்று கொண்டாடுபவர்கள் உண்டு. எனக்கு அப்படிக் கொண்டாட முடியவில்லை. தன்மானமுள்ள ஒரு பெண் மூச்சுவிட இடமில்லாத உலகில் கல்லாவது மறுப்புதான். ஆனால் அந்த மறுப்புக்கு அவள் தன் உயிரையே கொடுக்கிறாள். கௌதமர் மட்டும் துறவியாகக் கயிலையை நோக்கி நடக்கிறார். அவருக்குப் போக ஒரு வழி மிச்சமிருந்தது. அவளுக்கு அதுவும் இல்லை.