நிசெல் நிக்கல்ஸ்: திரைப்பாத்திரமும் வரலாற்றுப் பாத்திரமும்

வெகுசனக் கலைகளில் ஒடுக்கப்பட்டோர் தோன்றுவதையே விடுதலையின் சான்றாகக் கொள்ளும் போக்கு ஒன்றுண்டு. அத்தோற்றத்தை வெறும் வணிகத் தந்திரமென ஒதுக்கிவிடும் போக்கும் உண்டு. இவ்விரண்டும் போதாதவை என்பதை, 2022 யூலை 30இல் காலமான கறுப்பின நடிகை நிசெல் நிக்கல்ஸின் கலைவாழ்வு உணர்த்துகின்றது.

1932இல் இலினோய் மாநிலத்தின் றொபின்ஸ் என்னும் ஊரிற் பிறந்த நிக்கல்ஸ், பாடலும் ஆடலும் வழியாக நடிப்புக்கு வந்தவர். 1966 செப்டெம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஆரம்பமான 'ஸ்ரார் ட்றெக்' என்னும் விஞ்ஞானப் புனைகதைத் தொடரில், விண்கலமொன்றின் தொடர்பாடல் அதிகாரியான லெப்டினன்ட் உகூராவாக அவர் நடித்தார். குடியியல் உரிமைச் சட்டம் நிறைவேறி ஈராண்டுகளே கழிந்திருந்தன. திரையிற் கறுப்பினப் பெண்ணுக்குப் பெரும்பாலும் பணிப்பெண் வேடமே வாய்த்த காலம் அது. உகூராவோ தொழினுட்ப அறிவும் பதவியும் உடையவள்.

ஆயினும், பதவி அளித்த பிரதி பேச்சை அளிக்கவில்லை. அத்தொடரில் உகூராவுக்கு முதற்பெயர்கூட வழங்கப்படவில்லை. முதற் பருவத்தின் முடிவில் நிக்கல்ஸ் விலக எண்ணியதும், மார்ட்டின் லூதர் கிங் அவரைத் தடுத்ததும் அவரே பலமுறை கூறிய செய்திகள். கிங்கின் அறிவுரையை விதந்துரைப்போர், அவர் விலக எண்ணிய காரணத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். நாடக மேடையின் ஈர்ப்போடு, தமது வசனங்கள் வெட்டப்பட்டமையும் அவரை வருத்தியது. கிங்கின் வாதம் அரசியல் நோக்கிற் சரியானதே. ஆனால், ஒரு கலைத்தொழிலாளியின் நியாயமான முறைப்பாடு இனத்தின் பொருட்டு ஆற்றவேண்டிய கடமையாக மாறியபோது, முறைப்பாட்டுக்குப் பொறுப்பானோர் எதையும் இழக்கவில்லை என்பதையும் நாம் குறித்தல் வேண்டும்.

1968 நவம்பர் 22இல் ஒளிபரப்பான முத்தக் காட்சியும் இம்முரண்பாட்டையே காட்டுகின்றது. கலப்புமணத் தடைச் சட்டங்களை உயர்நீதிமன்றம் செல்லாதனவாக்கியது அதற்கு முந்திய ஆண்டிலேதான். கதையில் உகூராவும் வெள்ளையினத் தலைவன் கேர்க்கும் தம் விருப்பால் முத்தமிடுவதில்லை. வேற்றுலகத்தவரின் ஆற்றல் அவர்களை நிர்ப்பந்திக்கின்றது. இனத்தடையை மீறிய கதை, விருப்பத்தை மறைத்தே அதனை மீறியது. கருத்துநிலையின் எல்லை இங்கு கதையமைப்பாகவே வெளிப்படுகின்றது.

அவ்வெல்லையை நிக்கல்ஸ் கடந்தது திரைக்கு வெளியிலேயாம். 1977இல் நாசாவுக்காகப் பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்வெளி வீரராக விண்ணப்பிக்குமாறு அவர் நாடெங்கும் சென்று அழைத்தார். அதுவரை அந்நிறுவனத்தின் விண்வெளி வீரர் யாவரும் வெள்ளையின ஆண்களே. 1978இல் தெரிவான 35 பேருள் பெண்கள் அறுவர், கறுப்பினத்தவர் மூவர். இம்மாற்றம் அவரொருவரால் விளைந்ததன்று. குடியியல் உரிமைப் போராட்டங்களும் பெண்கள் இயக்கமும் அதன் அடித்தளம். சோவியத் விண்கலத்தில் 1980இல் கியூபாவின் ஆபிரிக்க வமிசத்தவரான அர்னால்டோ தமாயோ மெந்தெஸ் சென்ற பின்னரே, 1983இல் அமெரிக்கக் கறுப்பினத்தவரான கையன் புளூபோர்ட் விண்வெளி சென்றார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

பிம்பம் தானாகவே சமூக உறவுகளை மாற்றுவதில்லை. எனினும், எவர் எப்பணிக்குரியவர் என்ற ஐதீகத்தை அது உடைக்கக்கூடும். உடைந்த இடத்தினூடே மக்களை உள்ளே அழைத்தமையே நிக்கல்ஸின் வரலாற்றுப் பாத்திரம். அவரை ஒரு முத்தத்துக்காக மட்டும் நினைவுகூர்வது, பிரதி அவருக்கு இழைத்த குறையை நாமும் தொடர்வதாகும்.