அரசரில்லாத தீவில் ஓர் ஆளுகை முறை: 'அந்தமான் இல்லம்'

இந்திய அரசுகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன்வசமாக்கிய முறைக்கு முதல் தேவை, கையொப்பமிட ஓர் அரசர். 1799-இல் தஞ்சையின் இரண்டாம் சரபோஜியும் 1801-இல் ஆற்காட்டின் அசிம்-உத்-தௌலாவும் உடன்படிக்கைக்கு இணங்கியதும் வரிவசூலும் நிர்வாகமும் கம்பெனிக்குப் போயின; பட்டமும் உதவித்தொகையும் மட்டும் அரண்மனையில் எஞ்சின. 1855-இல் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் அந்தப் பட்டமும் போயிற்று. அந்தமானில் இந்த முறைக்கு இடமே இல்லை. டெலானிபூரும் அபர்டீனும் அமைந்துள்ள தென் அந்தமான் கரை ஆக்கா-பியா மக்களின் நிலம். அவர்களிடம் அரியணையோ கருவூலமோ வரியோ கிடையாது. ஒப்பமிட ஆள் இல்லாததால் ஒப்பந்தமே இல்லாமல் நிலம் எடுக்கப்பட்டது. ஒப்பந்தத்தின் வேலையைப் பிற்பாடு செய்தது 'அந்தமான் இல்லம்' என்ற ஏற்பாடு.

1789-இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் தொடங்கிய முதல் குடியேற்றம் நோயால் நலிந்து 1796-இல் கைவிடப்பட்டது. 1857 கிளர்ச்சிக்குப் பின் கைதிகளை அனுப்ப இடம் தேவைப்பட்டபோது அந்தமான் மீண்டும் நினைவுக்கு வந்தது. 1858 மார்ச் 10 அன்று 200 கைதிகளுடன் ஜே.பி. வாக்கர் வந்திறங்கினார். காடு வெட்டப்பட வெட்டப்பட, அந்தக் காட்டையே நம்பி வாழ்ந்தவர்கள் வில்லெடுத்தார்கள். 1859 மே மாதம் அபர்டீனில் அவர்கள் நடத்திய பெருந்தாக்குதலை, அவர்களோடு ஓராண்டு வாழ்ந்துவிட்டுத் திரும்பிய தூத்நாத் திவாரி என்ற தப்பியோடிய கைதி முன்கூட்டியே தெரிவித்துவிட்டார். துப்பாக்கிகளுக்கு முன் அம்புகள் தோற்றன.

1863 ஜனவரியில் பிராட் என்ற கடற்படை வீரர் கொல்லப்பட்டார். அந்தமானியர் இருவர் பிடிக்கப்பட்டு ராஸ் தீவில் விலங்கிடப்பட்டனர். பழங்குடிப் பெண் ஒருவரிடம் பிராட் முறைகேடாக நடக்க முயன்றதே கொலைக்குக் காரணம் என்பது பின்னரே தெரியவந்தது. கைதானவர்களோடு வந்து தங்கிய உறவினருக்காகப் போடப்பட்ட குடிசையே, பாதிரியார் ஹென்றி கார்பின் பொறுப்பில் 'இல்லம்' ஆக வளர்ந்தது. நட்பின் அடையாளமாகப் பின்னாளில் பேசப்பட்ட நிறுவனம் பிணைக்கைதிகளின் கொட்டகையாகவே பிறந்தது என்பதை அதன் மதிப்பீட்டிலிருந்து விலக்க முடியாது.

ஆள்பவர் கணக்கில் இது மலிவான, பலன் தந்த முறை. உணவும் புகையிலையும் கொடுத்ததில் மோதல்கள் குறைந்தன. தப்பியோடும் கைதிகளைக் காட்டில் தேடிப் பிடிக்கப் பழங்குடியினரே பரிசு பெற்று உதவினார்கள். தண்டனைக் குடியேற்றத்துக்கு அவர்கள் வேலியானார்கள். அறிவுத்துறைக்கும் ஆதாயம் இருந்தது. இல்லத்தின் பொறுப்பிலிருந்த ஈ.எச். மேன், எம்.வி. போர்ட்மன் ஆகியோரின் பதிவுகள் இல்லையென்றால் அழிந்துபோன ஆக்கா-பியா மொழியைப் பற்றி இன்று நமக்குத் தெரிவது மிகச் சொற்பம். இந்தப் பங்களிப்பைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது.

ஆனால் பதிவு செய்தவர்களின் ஏற்பாடே அம்மக்களை அழித்தது. சிதறி வாழ்ந்தவர்களை ஒரே கூரையின் கீழ், கைதிகளுக்கும் காவலர்களுக்கும் அருகில் சேர்த்தது நோய்க்கு வழி திறந்தது. மேகநோய் பரவியிருப்பது 1876-இல் தெரிந்தது. மறு ஆண்டே தட்டம்மை வந்தது. ஆக்கா-பியா உள்ளிட்ட பெரிய அந்தமானியரில் பாதிப்பேராவது அதில் மாண்டிருப்பார்கள் என்று போர்ட்மன் கணித்தார். இல்லத்தில் பிறந்த சுமார் 150 குழந்தைகளில் ஒன்றுகூட இரண்டு வயதைத் தாண்டவில்லை என்கின்றன பதிவுகள். ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேராகவும், 1931-இல் 90 பேராகவும், 1961-இல் 19 பேராகவும் சுருங்கினார்கள்.

இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட, அந்தமானின் மற்றொரு பழங்குடியினரான ஜாரவாக்களின் வரலாறு இடம் தரவில்லை. அவர்கள் பரிசுகளுக்கு மசியவில்லை. இல்லத்தோடு உறவு கொண்ட அந்தமானியரை வழிகாட்டிகளாக வைத்து நடத்தப்பட்ட படையெடுப்புகளுக்கும் பணியவில்லை. 1990-களின் பிற்பகுதி வரை வெளியாரை அம்புகளால் தடுத்தார்கள். இன்று நூற்றுக்கணக்கில் வாழ்கிறார்கள். நட்பை ஏற்றவர்கள் ஏறத்தாழ அழிந்துபோக, மறுத்தவர்கள் பிழைத்திருக்கிறார்கள். இல்லத்துக்கு எதிராக இதைவிட வலுவான சான்று தேவையில்லை. தஞ்சையின் 1799 உடன்படிக்கை மன்னரின் அதிகாரத்தைப் பறித்தது, குடிமக்கள் எஞ்சினார்கள். அந்தமானில் பறிக்க அரசதிகாரம் இருக்கவில்லை. விலை முழுவதையும் மக்களே கொடுத்தார்கள். சுதந்திர இந்தியா 1956-இல் கொண்டுவந்த பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, வெளியார் அவர்களுடைய நிலத்துக்குள் நுழைவதையே தடுக்கிறது. ராஸ் தீவில் கையாண்ட முறைக்கு நேர் எதிரான வழி அது.