பூட்டிய அலமாரியும் புரட்டாத புத்தகமும்

"நூலின் உறுப்புகள் யாவை?" கேட்கிறார் ஆசிரியர்.

"மேலட்டை, தலைப்புப் பக்கம், பதிப்புரை, அணிந்துரை, முன்னுரை, பொருளடக்கம், பின்னிணைப்பு, சொல்லடைவு!" நாற்பது குரல்கள் ஒரே மூச்சில் முழங்குகின்றன.

வெளியே நின்று கேட்பவர், 'ஆகா, அறிவுப் பயிர் செழித்து வளர்கிறது!' என்றுதான் எண்ணுவார். உள்ளே வந்து பார்த்தாலன்றோ உண்மை புரியும்! முழங்கிய நாற்பது பேரில் ஒருவர் கையிலேனும் நூல் இல்லை. நூல்கள் இரும்பு அலமாரியில்; அலமாரியின் சாவி தலைமையாசிரியர் மேசையில்; மேசைக்கும் ஒரு பூட்டு!

நீச்சலைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கும் விந்தை இது. நாமும் அவ்விந்தையைப் புரிந்தவர்தாம். பட்டம் பெற்றுப் பணியில் சேர்ந்த முதலாண்டில், உறுப்புகளை எண்ணிட்டு எழுதிப் போட்டோம், படியெடுத்தனர், தேர்வில் கேட்டோம், மதிப்பெண் வழங்கினோம். ஆகவே, இங்கே கூறும் குறையில் நம் பங்கும் உண்டு.

அலமாரியை ஏன் பூட்டுகிறார்கள்? "தொலைந்தால் யார் பொறுப்பு?" இதுதான் விடை. கரையான் அரித்தால் கேள்வியில்லை. இருப்புப் பதிவேட்டில் எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். இங்கிலாந்தில் ஹெரஃபோர்டு பேராலயத்தில், நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்த பழைய நூலகம் ஒன்று இன்றும் காட்சிக்கு இருக்கிறது. அடிமை விலங்கு என்று நகைக்கத் தோன்றும். ஆனால் அந்தச் சங்கிலி, நூலை மேசைமேல் விரித்துப் படிக்கும் அளவு நீளமானது! நம் அலமாரிக்கு அந்தக் கருணையும் இல்லை.

ஒருநாள் வற்புறுத்திச் சாவி பெற்றோம். தூசி தட்டி, ஏழாம் வகுப்பினர் கையில் ஆளுக்கொரு நூல் கொடுத்தோம். சற்று நேரத்தில் ஒரு சிறுமி எழுந்தாள்.

"ஐயா, இதிலே கோள்கள் ஒன்பது என்று போட்டிருக்கிறது. பாடநூலில் எட்டு. எது பொய்?"

நாம் விடை கூறவில்லை. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பார்க்கச் சொன்னோம். முதற்பதிப்பு 1998 என்றிருந்தது. பிராக் நகரில் கூடிய அனைத்துலக வானியல் ஒன்றியம், புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து நீக்கிக் குறுங்கோள் ஆக்கியது 2006-இல். ஆண்டுகள் இரண்டையும் கரும்பலகையில் எழுதினோம். "அப்படியானால் புத்தகம் பொய் சொல்லவில்லை, ஐயா. அதற்கு வயதாகிவிட்டது" என்றாள் அவள்.

பதிப்பாண்டு என்ற உறுப்பை இதைவிட நன்றாக விளக்க எந்தப் பட்டியலால் இயலும்? அச்சில் வந்ததெல்லாம் அப்படியே மெய் என்ற மயக்கத்தை அந்தச் சின்னஞ்சிறு எண் ஒரு நொடியில் கலைத்துவிட்டதே!

இது மேல்நாட்டார் கொண்டுவந்த புதுமையுமன்று. 13ஆம் நூற்றாண்டின் நன்னூல், நூலுக்கு முகவுரையாகிய சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்கிறது. செய்தவர் யார், எதன் வழி வந்தது, எந்த நிலத்தில் வழங்குவது, பெயர் என்ன, எவ்வாறு கட்டமைந்தது, எதைப் பற்றியது, யாருக்காக, என்ன பயன் என்று விரியும் அக்கேள்விகளை எந்நூலிடமும் கேட்கலாம். அவற்றையும் நாம் மனப்பாடச் செய்யுளாக்கி, மதிப்பெண்ணுக்கு ஒப்புவிக்க வைத்தோம்!

பதிப்பகத்தாரையும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. சொல்லடைவைப் புரட்டக் கற்றுக்கொடுக்க அலமாரியெங்கும் துழாவினோம். இரண்டே இரண்டு நூல்களில்தான் அது இருந்தது. உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் அரும்பதங்களுக்கு அகரவரிசை அமைத்து உழைத்தாரே! கணிப்பொறி வந்த பிறகும் முந்நூறு பக்கக் கட்டுரை நூல் சொல்லடைவின்றி வருவானேன்? அணிந்துரைகள் மட்டும் மூன்று!

நூல்களை அடுக்கும் முறைக்கு வருவோம். மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு உலகெங்கும் வழங்குகிறது. எளிது, பயனுள்ளது, ஐயமில்லை. ஆயினும் அதன் சமயப் பகுதியில் 220 முதல் 289 வரை கிறித்தவத்துக்கு. உலகின் மற்றெல்லாச் சமயங்களுக்கும் 290! ஆங்கில இலக்கியத்துக்கு 820. ஈராயிரம் ஆண்டுத் தமிழிலக்கியம், 'பிற மொழிகள்' என்ற கடைசிக் கொட்டிலில், 894.811. எண்ணுக்கும் ஒரு பார்வை உண்டு; அடுக்கியவன் நின்ற இடம் அதில் தெரிகிறது. எண்களைச் சொல்லும் ஆசிரியர் இதையும் சொல்ல வேண்டாவா?

1892-இல் சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான கணித ஆசிரியர் அரங்கநாதன், இலண்டன் கடையொன்றில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில துண்டுகளே வெவ்வேறு பொம்மைகளாக இணைவதைப் பார்த்து, பொருட்கூறுகளை இணைத்து எண் அமைக்கும் கோலன் பகுப்பை உருவாக்கினார், 1933-இல் வெளியிட்டார். இதை எங்ஙனம் விளக்குவது என்று மலைத்தோம். மாணவரே விளக்கினர். தவளையைப் பற்றிய நூலை விலங்குகளோடு வைப்பதா, வயலோடு வைப்பதா என்று இரு அணியாகப் பிரிந்து அரைமணி நேரம் வழக்காடினர். இறுதியில், "இரண்டையும் சேர்த்து ஒரு எண் போடக் கூடாதா?" என்றான் ஒருவன்.

அதே அரங்கநாதனின் முயற்சி பெரிதும் துணைநிற்க வந்தது 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம். சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிறார்கள் நம் மக்கள். பொது நூலகம் அவர்கள் பணத்தில் நடப்பது. தம் பிள்ளை அங்கே சென்று, எவர் தயவும் வேண்டாமல், தேடும் நூலைத் தானே எடுக்கத் தெரியாமல் விழித்தால், அந்த இழப்பை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

எங்கள் வகுப்பு அலமாரிக்கு இப்போது பூட்டில்லை. ஓராண்டில் இரு நூல்கள் திரும்பவில்லை; பதிவேட்டில் மறைக்காமல் குறித்திருக்கிறோம். ஒன்று போன இடம் தெரியவில்லை. மற்றொன்று அந்தச் சிறுமியின் வீட்டில் இருக்கிறது. அவள் அண்ணன் இன்னும் படித்து முடிக்கவில்லையாம்.